ஆறு பிளவுஸ் பிட்டில் ஒரு நாவல்

என் புத்தகத்தைப் பிளேடால் அறுத்தவரை நான் அவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் ஏதோ தங்கமான மனுஷி மாதிரித் தெரிய வாய்ப்பிருக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து வரும் காலை வண்டி தாம்பரத்துக்குள் நுழையும்போதே லேடீஸ் கம்பார்ட்மெண்ட் நிறைந்திருக்கும். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவதாக ஓர் ஆள் ஒண்டிக்கொள்வது இங்கே எழுதாத சட்டம். ஆனால் அந்த நாலாவது இடத்தைக் கேட்டு வாங்கவேண்டும். "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றால் சிலர் காது கேட்காத மாதிரி வெளியே பார்ப்பார்கள். சிலர் அரை அங்குலம் அசைந்துவிட்டுப் பெரிய தியாகம் செய்த முகத்தோடு நம்மைப் பார்ப்பார்கள். கேட்காமலே தள்ளி உட்காரும் ஒரே ஒருத்தரை நான் கண்டேன். அவர்தான் ஊரப்பாக்கம் அக்கா.

ரயில் சிநேகிதத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. ஏறுகிற ஸ்டேஷன்தான் பெயர். நான் தாம்பரம். எதிரே உட்காரும் கணக்கு டீச்சர் பெருங்களத்தூர். அஸ்தினாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து ஏறும் லேப் டெக்னீஷியன் பெண் குரோம்பேட்டை. அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த விவரமெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. எந்த வரனின் அம்மா பஜ்ஜியில் எண்ணெய் அதிகம் என்றாள் என்பதுகூடத் தெரியும். அவள் பெயர் மட்டும் தெரியாது.

அந்த வருஷம் புத்தகக் கண்காட்சியில் ஒரு நாவல் வாங்கினேன். எழுநூறு பக்கத்துக்கு மேல். காதலும் மாயமும் கலந்த கதை. அட்டையைத் திறந்ததும் இல்லாத ஒரு நாட்டின் வரைபடம். "இது படிக்கவா, தலைக்கு வெச்சுக்கவா?" என்றார் என் வீட்டுக்காரர். நாற்பத்திரண்டு வயதில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கிளார்க் ஒருத்தி ராஜகுமாரன் கதை படிப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. எனக்கு வீட்டில் படிக்க நேரமில்லை. ஆகவே அந்தச் செங்கல்லைக் கைப்பையில் போட்டு, தோள்பட்டை இற்றுப்போக, தினமும் ரயிலுக்குச் சுமந்தேன்.

மூன்றாவது நாள் ஒரு பக்கத்தைத் திருப்பப் போனேன். பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது.

"திருப்பாதம்மா தாம்பரம். நான் இன்னும் முடிக்கல" என்றார் அக்கா.

மூன்று நாளாக என் தோளுக்கு மேலே அவரும் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் அறிமுகம் பண்ணிவைக்காமலே அந்த நாட்டுக்குள் நுழைந்து, என்னைவிட நன்றாகச் சுற்றிப் பார்த்திருக்கிறார்.

அந்த நாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏழு ஏரிகள். ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு மதகு, மதகுக்கு ஒரு காவல்காரி. மதகுக்குச் சாவி கிடையாது. காவல்காரி தன் நினைவு ஒன்றைத் தண்ணீருக்குக் கொடுத்தால்தான் கதவு திறக்கும். சின்ன நினைவுக்குக் கொஞ்சம் தண்ணீர், பெரிய நினைவுக்கு வெள்ளம். அதனால் அந்த நாட்டின் கிழவிகளுக்கு ஏழு ஏரியின் ஆழமும் விரல் நுனியில் இருக்கும், தாயின் முகம் மறந்திருக்கும். ஏரி மீன்கள் அந்த நினைவுகளை விழுங்கி வைத்திருக்கும் என்பதால் யாரும் மீன் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் அடுத்தவர் துக்கம் நம் கனவில் வந்துவிடும்.

"அப்ப ஞாயித்துக்கிழமை என்னதான் சமைப்பாங்க?" என்றார் பெருங்களத்தூர், உண்மையான கவலையோடு.

ஏழாம் ஏரியின் காவல்காரிதான் கதாநாயகி. முன்கோபி. தடித்த விரல்கள். யார் அழுதாலும் "எத்தனை நாழி அழுவாய்?" என்று கேட்கிற ரகம். எனக்கு முதல் அத்தியாயத்திலேயே அவளைப் பிடித்துப்போயிற்று. காரணம் என்னவென்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். கதாநாயகன் கீழே இருக்கிற வறண்ட தேசத்து இளவரசன். தண்ணீர் திருட வந்தவன். ஒரு காது கிழிந்தவன், நீச்சல் தெரியாதவன். வந்த முதல் நாளே ஏரியில் விழுந்து, அவள்தான் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போட வேண்டியிருந்தது. குரோம்பேட்டைக்கு அவன்மேல் நம்பிக்கையே வரவில்லை.

"நிரந்தர வேலை கிடையாது, நீச்சல் தெரியாது, இவன என்னன்னு வீட்ல சொல்றது?" என்பாள். ஆனால் அவன் வராத அத்தியாயங்களில் அவள்தான் முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள்.

ஆமாம், அதற்குள் நாங்கள் நாலு பேர் ஆகிவிட்டோம். ஒரு புத்தகம், எட்டுக் கண். குரோம்பேட்டை நின்றபடி தலைகீழாகவே படிக்கப் பழகிவிட்டாள். இரண்டு நாள் நான் லீவு போடவேண்டியிருந்ததால், "வெச்சுப் படிங்க" என்று புத்தகத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது என் மடியில் ஆறு பொட்டலங்களை வைத்தார்.

அக்காவுக்கு மாம்பலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பிளவுஸ் பிட் செக்‌ஷன். புடவையை விரித்துக் காட்டினால் போதும், தட்டைப் பார்க்காமலே கையை நீட்டி அதே நிறத்துத் துணியை உருவுவார். இருபத்திரண்டு வருஷமாகக் காலை பத்திலிருந்து இரவு வரை நின்று செய்கிற வேலை. அப்படிப்பட்டவர் என் நாவலின் முதுகைப் பிளேடால் ஆறாக அறுத்து, ஒவ்வொரு பாகத்தையும் ஊசி நூலால் தைத்து, ஆறு நிறத் துண்டுத்துணியில் அட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தார். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு, கத்திரிப்பூ, வெங்காயத்தோல், மயில்கழுத்து.

நான் கத்தியேவிட்டேன். சந்தோஷத்தில் இல்லை.

"என்னக்கா இது, புது புக்கு!"

"ஒரு புஸ்தகம், நாலு பேரு. இப்பிடியே படிச்சிகினு இருந்தா அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயி புள்ள ஸ்கூலுக்குப் போயிரும். இப்ப ஆளுக்கு ஒண்ணு. உன் தோளும் வலிக்காது பாரு."

வலிக்கவில்லைதான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

"கடைசிப் பாகத்துக்கு மட்டும் ஏன்க்கா மயில்கழுத்து?" என்று கேட்டாள் குரோம்பேட்டை.

"முடிவு இன்னான்னு நமக்குத் தெரியாதுல்ல? இப்பிடிப் பாத்தா நீலம், அப்பிடிப் பாத்தா பச்சை. அதான்."

பிறகு சட்டமும் அவரே போட்டார். முன்னால் படித்தவள் வாயைத் திறக்கக்கூடாது. ஐந்து பாகத்தை அவரவர் வேகத்தில் படிக்கலாம். ஆனால் மயில்கழுத்தை யாரும் தனியாகத் தொடக்கூடாது. எல்லாரும் ஐந்தை முடித்த பிறகு நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, சத்தமாகப் படித்து முடிக்கவேண்டும். அதுவரை அது அக்காவின் பையில் இருக்கும். மூன்று பேரும் சரி என்று தலையாட்டினோம். நானும்தான்.

அந்த மூன்று மாதங்கள் என் வாழ்க்கையில் எவ்வளவு நல்ல மாதங்கள் என்று அப்போது தெரியவில்லை. "கிளிப்பச்சை யாராண்ட கீது?" என்று அக்கா குரல் கொடுத்தால் பெட்டியே திரும்பிப் பார்க்கும். மஞ்சள் பாகத்தில் இருந்த வரைபடத்தில் நாங்கள் பென்சிலால் எங்கள் ஊர்களைக் குறித்தோம். மூன்றாம் ஏரி குரோம்பேட்டை, ஐந்தாவது தாம்பரம். ஏழாம் ஏரியை அக்கா பிடித்துக்கொண்டார். காவல்காரியின் வீடு அச்சு அசல் தன் வீடு மாதிரி இருக்கிறதாம். ஏரிக்கரை, கரை முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கோயில், அதைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி, தொட்டியிலிருந்து மூன்றாவதாக ஒரு கட்டம் என்று பென்சிலால் வரைந்தார். கட்டத்துக்குள் 'என் வூடு' என்று எழுதினார்.

வெங்காயத்தோல் பாகம் பெரிய இக்கட்டில் முடிந்தது. வறண்ட தேசம் சாகக் கிடக்கிறது. ஏழாம் மதகை முழுதாகத் திறந்தால்தான் பிழைக்கும். அதற்கு அவள் கொடுக்கவேண்டிய நினைவு அவனைப் பற்றியது, முழுதும். கொடுத்தால் அவன் நாடு பிழைக்கும், அவனை அவளுக்கு யாரென்றே தெரியாது. பாகத்தைக் கடைசியாக முடித்தது பெருங்களத்தூர். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூடினார். "நாளைக்கு" என்றார் அக்கா, பையைத் தட்டிக்காட்டி.

மறுநாள் அக்கா வரவில்லை.

அடுத்த நாளும் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. நம்பர் யாரிடமும் இல்லை, மாம்பலத்தில் எந்தக் கடை என்றும் தெரியாது. கடையில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவர் போனை மகளிடம் விட்டுவிட்டுத்தான் வருவார். தினமும் காலையில் பார்க்கிற ஆளிடம் நம்பர் எதற்கு என்று நாங்களும் கேட்டதில்லை. ஜன்னலோரம் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். தள்ளி உட்காரச் சொன்னால் வெளியே பார்த்தார்கள்.

முதல் வாரம் கவலைப்பட்டேன். இரண்டாவது வாரம் கோபப்பட்டேன். மூன்றாவது வாரம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஆபீஸ் பக்கத்திலிருந்த புத்தகக் கடைக்கு மதிய இடைவேளையில் போனேன். அதே நாவல், முழுதாக, அறுக்காமல் அடுக்கில் இருந்தது. இன்னொரு பிரதி வாங்க மனசு வரவில்லை. வாங்கினால் வீட்டில் சாட்சியாகக் கிடக்கும். நின்றபடியே கடைசிப் பாகத்தைப் புரட்டினேன். இரண்டு மதியம். ஏசி குளிரில், கால் மாற்றிக் கால் மாற்றி, கடைக்காரப் பையன் முறைக்க முறைக்கப் படித்து முடித்தேன்.

சப்பென்று இருந்தது. இதற்கா எழுநூறு பக்கம்? புத்தகத்தை அடுக்கில் செருகிவிட்டு வந்து, ஆபீஸில் மீதி நாளெல்லாம் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் ரயிலில் குரோம்பேட்டை, "அக்கா இன்னிக்கும் இல்லையா?" என்றாள்.

"வரமாட்டாங்க. மயில்கழுத்த ஏப்பம் விட்டாச்சு. ஓசியில வந்த புக்குதானே" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை!

பெருங்களத்தூர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் பையன்களை நடுங்கவைக்கிற அந்த அமைதியான குரலில், "உங்களுக்குக் காணாமப் போனது புக்கா, அக்காவா?" என்று கேட்டார்.

சைதாப்பேட்டையில் அவர் இறங்கும்வரை நான் அக்காவின் ஜன்னலோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காணாமல் போனது அக்காதான். புத்தகத்தின் முடிவுதான் எனக்குத் தெரியுமே! தெரிந்தும் அந்த ஜன்னலைத் தினமும் பார்க்கிறேனே, அதற்கு வேறு என்ன அர்த்தம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் ஊரப்பாக்கத்தில் இறங்கினோம். கையில் ஐந்து பாகங்கள். விலாசம் என்று எங்களிடம் இருந்தது மஞ்சள் பாகத்தின் வரைபடம் மட்டுமே. இல்லாத நாட்டின் வரைபடத்தை வைத்துக்கொண்டு இருக்கிற ஊரில் மூன்று பொம்பளைகள் தேடினோம். ஒரு ஆட்டோக்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா ஏரியா மேடம் இது?" என்று தலையைச் சொறிந்தார். ஏரிக்கரை என்றதும் வழி காட்டினார். கரை முடிகிற இடத்தில் சின்னக் கோயில் இருந்தது. அதைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி இருந்தது. குரோம்பேட்டை சத்தமாகவே எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு.

கதவைத் திறந்தது அக்காவின் மகள். எங்கள் கையிலிருந்த துணி அட்டைகளைப் பார்த்ததுமே உள்ளே திரும்பி, "ம்மா, உன் ரயிலு வந்துகீது" என்றாள்.

அக்கா இரும்புக் கட்டிலில் படுத்திருந்தார். இடது கால் முழுக்கக் கட்டு, இரண்டு தலையணைமேல் தூக்கிவைத்திருந்தது. கால் நரம்பெல்லாம் சுருண்டு, கடையில் நின்றுகொண்டிருக்கும்போதே உடைந்து ரத்தம் ஊற்றியிருக்கிறது. ஆபரேஷன் முடிந்துவிட்டது. இனி நிற்கிற வேலையே கூடாது என்றுவிட்டார்கள்.

"நிக்காத வேல எங்க கீது?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "கடை கூட பேஜார் இல்ல. போனாப் போவுது. அந்த ரயில்ல ஒக்காந்துகினு வருவேனே... நாள் முழுக்க அதான் நான் ஒக்கார்ற நேரம்."

மயில்கழுத்து அவர் தலைமாட்டில், மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே இருந்தது. இத்தனை நாள் கையெட்டும் தூரத்தில், வேறு வேலை எதுவும் இல்லாமல் படுத்துக்கொண்டு, அவர் ஒரு பக்கம்கூடப் பிரித்திருக்கவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"எல்லாரும் வந்தாச்சு. டீச்சர், நீ படி" என்றார்.

பெருங்களத்தூருக்கு ஒரு பிளாஸ்டிக் சேர். குரோம்பேட்டை கட்டிலின் தலைப்பக்கம் ஒட்டிக்கொண்டாள். எனக்கு இடமில்லை. கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றேன். அதுவே எனக்குச் சரியான இடம் என்று தோன்றியது. டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரலில் ஆரம்பித்தார். ஆனால் அவள் மதகில் கை வைக்கிற இடம் வந்தபோது அந்தக் குரலும் கரகரத்தது. அவனைப் பற்றிய நினைவுகளை அவள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விடுகிறாள். முதலில் அந்தக் கிழிந்த காது. பிறகு அவனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போட்ட நாள். பிறகு பெயர்.

நடுவில் அக்கா கையைத் தூக்கினார். டீச்சர் நிறுத்தினார்.

"தாம்பரம். நீ முன்னாடியே படிச்சிட்ட, இல்ல?"

"இல்லக்கா..."

"கதை தெரியாதவ புஸ்தகத்தப் பாப்பா. நீ அப்போத்திலிருந்து என் மூஞ்சியத்தான் பாத்துகினு கீற."

இதற்குமேல் என்ன மறைப்பது? "படிச்சிட்டேன்க்கா. நீங்க வரலைன்னு கோவம். கடையில போய், வாங்காம, ரெண்டு மத்தியானம் நின்னுக்கிட்டே படிச்சேன். ரயில்ல உங்களப் பத்தித் தப்பாவும் பேசிட்டேன்" என்று கடகடவென்று ஒப்பித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை நாழி அழுவாய் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அக்கா புருவத்தைச் சுருக்கினார்.

"நின்னுகினா?"

"ஆமாக்கா."

"அத்தினி பக்கத்தையும் நின்னுகினேவா? காலு இன்னாத்துக்கு ஆவும்? அறிவு கீதா உனக்கு?"

அவ்வளவுதான் அவர் கோபம். சட்டத்தை மீறினதற்கு ஒரு வார்த்தை இல்லை, புறம் பேசினதற்கு ஒரு வார்த்தை இல்லை. என் காலுக்காகத் திட்டினார்.

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. இத்தப் பொண்ணாண்ட குடுத்திருந்தா ஸ்டேஷனுக்கு வந்து உங்களாண்ட குடுத்திருப்பா. அவளும் தெனம் கேட்டுகினுதான் இருந்தா. நான்தான் குடுக்கல. புஸ்தகம் கையில கீற வரைக்கும் யாராச்சும் தேடிகினு வருவீங்க. குடுத்துட்டா அப்பறம் எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறீங்க?"

குரோம்பேட்டை அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, சரி, படி டீச்சர்" என்றார் அக்கா.

கடைசி அத்தியாயம். ஒரு வருஷம் கழித்து அவன் திரும்பி வருகிறான். தண்ணீர் கிடைத்த தேசத்திலிருந்து வந்தவன், கரையில் நிற்கிறான். அவள் மதகுப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். அவனை அவளுக்குத் தெரியவில்லை. அவன் தான் யாரென்று சொல்லவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. வெகுநேரம் நிற்கிறான். அவள் அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள். பிறகு ஒன்றும் சொல்லாமல், படியில் கொஞ்சம் தள்ளி உட்காருகிறாள். கதை முடிந்தது.

எனக்குக் கடையில் சப்பென்று இருந்த இடம் இதுதான். நினைவு திரும்பவில்லை, அணைத்துக்கொள்ளவில்லை, இது ஒரு முடிவா என்று எரிச்சல்பட்டேனே, அதே இடம்.

அக்கா தலையணையிலிருந்து எழப் பார்த்தார். "தள்ளி உக்காந்துட்டாளா?"

"உக்காந்துட்டாக்கா" என்றாள் குரோம்பேட்டை.

"கேக்காமயே?"

"கேக்காமயே."

"அப்ப போதும். இனிமே அவன் பாத்துப்பான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷமான அழுகை அது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கதவோரத்தில் அப்படியே நின்றிருந்தேன். தாம்பரத்தில் முதல்முதலாக ஏறிய அன்று, கேட்பதற்கு முன்பே ஜன்னல் பக்கமாக நகர்ந்து எனக்கு இடம் கொடுத்த ஒருத்தரை, இத்தனை நாள் கழித்து நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அக்கா இரண்டு கையாலும் கட்டுப்போட்ட காலைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் நகர்த்தினார். கட்டிலில் ஒரு சாண் இடம் வந்தது. மகள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். அவளைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த மஞ்ச எட்தாந்து மொதல்லேர்ந்து படி. இந்த வாட்டி ஒக்காந்துகினு படி."